நான் இடிக்கவில்லை, முருகா

முருகன் அடியார்களே, இதை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன். முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போகிற அந்த மூன்று நாளும் நான் பக்தியோடு இருக்கவில்லை. எரிச்சலோடு இருந்தேன். மனிதர்கள் மேல் எரிச்சல், டெல்லி மேல் எரிச்சல், சுவாமி மேலும் எரிச்சல். அப்படிப்பட்டவனுக்கும் அவன் காது கொடுத்தான் என்பதுதான் இங்கே சாட்சி.

செய்யாத தப்பை நம் தலையில் கட்டினால் எப்படி இருக்கும்? சொல்லச் சொல்ல யாரும் நம்பாவிட்டால் எப்படி இருக்கும்? அதைவிட ஒரு கொடுமை உண்டு. நாம் சொல்வதை எல்லாரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "ஆமாம், சரிதான்" என்று ஒப்புக்கொண்டு, பிறகு நம்மையே குற்றவாளி என்றால்? எனக்கு அதுதான் நடந்தது.

என் பெயர் கருப்பையா. சொந்த ஊர் விருதுநகர் மாவட்டத்தில், திருச்சுழிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். கல்லூரி படிக்கும்போது மினி லாரி ஓட்டினேன், அதனால் வண்டி நன்றாக ஓட்டுவேன். பட்டம் வாங்கியதும் மத்திய அரசுத் தேர்வுக்குப் படிக்க டெல்லி வந்து, முனிர்காவில் மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மூன்று வருடம் கிடந்தேன். கடைசியில் தேர்வில் தேறினேன். இலாகாவும் ஒதுக்கிவிட்டார்கள். போலீஸ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அதற்கான படிவத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் மீது வழக்கு ஏதேனும் உண்டா?' இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சரிபார்ப்பு முடிவதற்குள் ஏதாவது மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், மறைத்தால் வேலை போய்விடும் என்று கீழே அச்சடித்திருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். என் மேல் யார் வழக்குப் போடப்போகிறார்கள்?

அப்பா தினமும் சாயங்காலம் போன் செய்வார். "ஆர்டர் வந்துருச்சாப்பா?" அவ்வளவுதான் பேச்சு. "இல்லப்பா" என்றால், "சரி, சாப்புடு" என்று வைத்துவிடுவார்.

பிப்ரவரி மாதம், ஒரு திங்கட்கிழமை. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் ராமலிங்கம் சார் என்று ஒருவர் இருக்கிறார். அருப்புக்கோட்டைக்காரர், அமைச்சகத்தில் அதிகாரி, என்னிடம் பிரியமாக இருப்பவர். அவருக்குக் கண் அறுவை ஆகியிருந்ததால் கோவிலுக்கோ ஸ்டேஷனுக்கோ போக வேண்டியிருந்தால் என்னைக் கூப்பிடுவார். அன்று காலை அவரையும் அவர் மனைவியையும் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டு, அவருடைய காரைத் தனியாகத் திருப்பி ஓட்டி வந்தேன்.

வழியில் ஒரு மேம்பாலத்துக்கு முன்னால் ஏற்றமான இடத்தில் சிக்னல். சிவப்பு விழுந்தது. நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். ஏற்றத்தில் நிறுத்தினால் அது என் கைப் பழக்கம். நின்று அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னாலிருந்து ஒரு இடி. என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது.

இறங்கிப் பார்த்தேன். சாருடைய கார் பம்பர் நசுங்கி, பின்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. இடித்த காரின் முன் விளக்கும் போய்விட்டது. அதிலிருந்து நாற்பத்தைந்து வயது இருக்கும், ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மா இறங்கினார். பக்கத்து சீட்டில் அவருடைய வயதான தாயார். அந்தப் பெரியம்மாவின் உதடு கிழிந்து ரத்தம். அந்த மேடம் என்னிடம் ஓடி வந்து, "ஸாரி, பையா, ஸாரி" என்றார்.

பெரியம்மாவின் ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கும் பதறியது. ஆனால் சாருடைய காரைப் பார்த்தபோது கோபம் வந்துவிட்டது. மூன்று வருடமாகக் காய்கறிக்காரர்களிடமும் பால்காரரிடமும் பேசிப் பழகிய இந்தி. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. விரலை நீட்டிச் சத்தமாகச் சொன்னேன்.

"மேடம், தேக்கியே! மைனே பீச்சே ஸே டக்கர் மாரா!"

பாருங்கள், என்னைப் பின்னாலிருந்து இடித்துவிட்டீர்கள் என்று.

மேடம் விழித்தார். "ஆப்னே மாரா?" என்று மெதுவாகக் கேட்டார். உங்களை இடித்ததா என்று கேட்கிறாராம்! பார்த்துக்கொண்டுதானே நிற்கிறார்! எனக்கு இன்னும் ஏறியது. "ஹாங் ஜி! மைனே மாரா! மைனே!" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. போனை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டார்.

அந்தத் தம்பி பத்து நிமிடத்தில் வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், கறுப்புக் கண்ணாடி. தாயின் உதட்டைப் பார்த்தார், அக்காவிடம் இரண்டு வார்த்தை கேட்டார், நேராக வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் உருள விட்டுவிட்டுத் திமிர் வேறு பேசுகிறாயா என்றார். சுற்றிலும் கூட்டம். நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஆட்டோக்காரர்கள், ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், பழவண்டிக்காரர், ஒருவர் விடாமல் எல்லாரிடமும், "மைனே மாரா, மைனே மாரா" என்றேன். எல்லாரும், "ஹாங், ஹாங், டீக் ஹை" என்று தலையாட்டினார்கள். ஒரு ஆட்டோக்காரர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, நீ உண்மை பேசுகிற ஆள் என்றார். அப்பாடா, ஒருவராவது புரிந்துகொண்டாரே என்று நிம்மதிப்பட்டேன். போலீஸ் வந்ததும் அதே ஆட்டோக்காரர் என்னைக் காட்டி, "இவன்தான் இடிச்சான்" என்றார்.

போலீஸ் என்னைச் சௌக்கிக்கு, பக்கத்துக் காவல் சாவடிக்கு, கூட்டிப் போனது.

போலீஸ் சௌக்கியில் ஒரு ஹெட் கான்ஸ்டபிள். கழுத்தில் மப்ளர், காலடியில் ஹீட்டர். பெயர் என்ன என்றார். கருப்பையா என்றேன். "கரு... பையா?" என்று இரண்டாகப் பிளந்தார். பையா என்றால் இந்தியில் அண்ணன்; டெல்லியில் பாதிப் பேருக்கு நான் இப்படித்தான் அண்ணன் ஆகியிருக்கிறேன்.

"போல், கரு பையா. துமனே மாரா?" சொல்லு, உன்னை இடித்தார்களா?

"ஹாங் சாப். மைனே மாரா."

"உஸ்னே நஹீன் மாரா?" அவர்களை இடிக்கவில்லையே?

"நஹீன் சாப்! உஸ்னே நஹீன் மாரா!" அவர்களை யார் இடித்தார்கள்? சத்தியமாக இல்லை.

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இருபது வருட சர்வீஸில் இவ்வளவு நேர்மையான ஆளைப் பார்த்ததில்லை என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார். பிறகு இந்தியில் கடகடவென்று ஒரு பக்கம் எழுதி, அதே வேகத்தில் வாசித்தார். பாதி புரிந்தது. மைனே என்ற சொல் வந்தது, டக்கர் வந்தது, பீச்சே வந்தது. நான் சொன்னதெல்லாம் இருக்கிறது என்று திருப்தியாகத் தலையாட்டினேன். இந்தி எழுத்து எனக்குப் பலகையில் அச்சாக இருந்தால் எழுத்துக்கூட்டி வரும், கையெழுத்து வராது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடியார்களே, இந்த இடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வலிக்கிறது. சூளையில் முதலாளி நீட்டிய காகிதத்தில் எல்லாம் என் அப்பா கைநாட்டு வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த நிலை மாறவேண்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். படித்துப் பட்டம் வாங்கிய நான், வாசிக்கத் தெரியாத காகிதத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

வெளியே வந்த பிறகுதான் விஷயம் வெளிச்சமானது. தம்பிக்காரர் கேஸ் போட்டே தீரவேண்டும் என்கிறார். பெரியம்மாவுக்கு டாக்டர் சீட்டு வரட்டும், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வா, வழக்கு எழுதுவோம் என்று ஹெட் கான்ஸ்டபிள் என் லைசென்ஸை மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். யார் மேல் வழக்கு என்று கேட்டேன். "துமாரே ஊபர், ஔர் கிஸ்கே?" என்றார். உன் மேல்தான், வேறு யார் மேல்?

படிவத்தின் அந்தக் கேள்வி கண் முன்னால் வந்தது. 'உங்கள் மீது வழக்கு ஏதேனும் உண்டா?'

கார் சாருடையது என்பதால் அவருக்கும் ஹெட் கான்ஸ்டபிள் போன் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஓடுகிற ரயிலிலிருந்து சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏண்டா கருப்பையா, ஏத்தத்துல ஹேண்ட் பிரேக் போடணும்னு ஒனக்கு நான் சொல்லித் தரணுமாடா?"

"சார், போட்டிருந்தேன் சார். நான் இடிக்கல சார்."

"இடிக்கலைங்கற. அந்தாளு நீயே ஒத்துக்கிட்டேங்கறாரு."

"நான் எங்க சார் ஒத்துக்கிட்டேன்?"

"கையெழுத்துப் போட்ருக்கியாமே! நீ பேசப் பேசத்தான்டா கெடுதல். நான் ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் வாயைத் தெறக்காம..."

ரயில் ஏதோ காட்டுக்குள் போய்விட்டது. லைன் கட்.

சாயங்காலம் முனிர்காவில், நம் ஊர்ப் பிள்ளைகள் டீ குடிக்கிற கடையில் கதையைச் சொன்னேன். "பின்னாடி வந்து என்னை இடிச்சிட்டு, நான் இடிச்சேன்னு சொல்றாங்கடா" என்றேன். எல்லாரும் கொதித்தார்கள். அந்தம்மா அப்பட்டமாகப் பொய் சொல்கிறார், போலீஸை வளைத்துவிட்டார்கள், நமக்கெல்லாம் இங்கே நியாயம் கிடைக்காது என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். அந்தக் குடும்பத்தை வாய்க்கு வந்தபடி பேசினேன். பேசியதை இங்கே எழுத முடியாது. அன்று அப்பா போன் செய்தபோது நான் எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுவதும் வக்கீல் தேடி அலைந்தேன். நான் கையெழுத்துப் போட்டது தெரிந்ததும் ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் ஒப்புக்கொண்டு வேலையை முடி, சின்னக் கேஸ்தானே என்றார். சின்னக் கேஸாம்! அவருக்குச் சின்னது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மலை மந்திர் என்கிற முருகன் கோவிலுக்குப் போனேன். கும்பிடப் போனேன் என்று சொன்னால் பொய். சண்டை போடப் போனேன். அர்ச்சனைத் தட்டு வாங்கவில்லை. படியேறிப் போய்ச் சன்னதியில் கை கூப்பாமல் நின்றேன். மூன்று வருடம் செவ்வாய் தவறாமல் வந்தவன் நான். தேர்வுக்கு முந்தின நாள் காய்ச்சலோடும் ஏறி வந்தவன். பிராகாரத்துக்கு வந்து ஒரு ஓரமாக நின்று, கோபுரத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

"ஒனக்குப் பன்னெண்டு கண்ணு இருக்குன்னு பாடுறாங்களே, அதுல ஒண்ணுகூடவா அந்தச் சிக்னல் பக்கம் பார்க்கல? நின்ன வண்டிய்யா. ஹேண்ட் பிரேக் போட்டு நின்ன வண்டி. ஒரு பொய்யாவது சொன்னனா? எங்கப்பன் செங்கல் சுமந்து படிக்க வச்சதுக்கு இதுதானா? எல்லாரும் என் வாயாலயே நான் சொன்னேங்கறான். என்ன சொன்னேன்னு நீயே கேளு. டெல்லியில தான குடியிருக்க? ஒனக்கும் இந்தி தெரியும்ல? கேட்டுக்க."

சொல்லிவிட்டு, மறுநாள் சௌக்கியில் பேசவேண்டியதை அப்படியே அவன் முன்னால் இந்தியில் பேச ஆரம்பித்தேன். ஒத்திகை பாதி, முறையீடு பாதி. உண்மையைத்தான் சொல்கிறேன் என்று தொடங்கினேன். "சாப், மை சச் போல்தா ஹூன். மைனே பீச்சே ஸே மாரா. உஸ்னே நஹீன் மாரா. மைனே மாரா!" முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. சத்தம் கூடிக்கொண்டே போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிராகாரத்தில் சிலர் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஓர் அக்கா. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, குளிருக்குக் காலில் சாக்ஸ், கையில் திருநீற்றுப் பொட்டலம். இரண்டு முறை என்னை உரசிக்கொண்டு போனார். மூன்றாவது சுற்றில் நின்றுவிட்டார்.

"ஏ பையா, கொஞ்சம் சைடு ஆகு. நடு வழியில நின்னு சில்லாதே." தமிழ்தான், ஆனால் டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்; அதில் கத்தாதே என்பது சில்லாதே ஆகிவிடும், கோபம் குஸ்ஸா ஆகிவிடும். "நான் மூணு ரவுண்டா கேட்டுட்டே இருக்கேன். தப்பு நீ பண்ணே, அப்புறம் பகவான் மேல ஏன் குஸ்ஸா?"

அடியார்களே, எப்படி இருந்திருக்கும் எனக்கு? சாலையில் குற்றவாளி. சௌக்கியில் குற்றவாளி. கடைசியில் கோவிலில், யாரென்றே தெரியாத ஓர் அம்மாவும் நான்தான் குற்றவாளி என்கிறார்!

"நான் ஒரு தப்பும் பண்ணலக்கா! என்னையத்தான் இடிச்சாங்க! என்னைய!" என்று கத்தினேன்.

"உன்னை இடிச்சா? அப்புறம் நீ ஏன் மைனே மைனேன்னு சொல்றே?"

"ஆமா. மைனே. என்னை."

அந்த அக்கா ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பு. பொட்டலத்திலிருந்து திருநீறு சிந்துகிற அளவுக்குச் சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

"சாரி, சாரி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மைனேன்னா என்னை இல்லடா. மைனேன்னா நான். மைனே மாரான்னா நான் அடிச்சேன். என்னைக்கு முஜே சொல்லணும். எங்க அம்மாவும் இதே பண்ணாங்க. அம்மாவை ஒரு நாய் கடிச்சிடுச்சு. ஹாஸ்பிடல் போய் டாக்டர்கிட்ட, மைனே குத்தா காட்டா, மைனே குத்தா காட்டான்னு ஒரே அழுகை. நான் நாயைக் கடிச்சேன், நான் நாயைக் கடிச்சேன்னு! டாக்டர் கேட்டார், நாய் இப்போ எப்படி இருக்கு மாதாஜின்னு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னை, மைனே. இரண்டும் காதுக்கு ஒன்று போலவே இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதுதான் அர்த்தம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். யாரையும் கேட்கவில்லை. 'ஆப்னே மாரா' என்று மேடம் கேட்டது, நீங்களா இடித்தீர்கள் என்று. ஆமாம், நான்தான் என்று நெஞ்சில் தட்டியிருக்கிறேன். 'உஸ்னே நஹீன் மாரா' என்று கேட்டது, அவர் இடிக்கவில்லையா என்று. சத்தியமாக அவர் இடிக்கவில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். சாலையில் இருந்த ஒவ்வொருவரிடமும் தேடித் தேடிப் போய், நான்தான் இடித்தேன் என்று வாக்குமூலம் கொடுத்தவன் நானே.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. டீக்கடையில் தமிழில் சொன்னேன், பிழை யாருக்கும் தெரியவில்லை. வக்கீல்களிடம் பயத்தில் பேச்சே வரவில்லை, அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டேன். அன்று சுவாமியிடம் கோபத்தில் இந்தியில் கத்தியதால், இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஒரு காதில் அது விழுந்தது. தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, சரியான வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தார். "முஜே பீச்சே ஸே டக்கர் லகீ." அவருக்குத் தமிழ் எழுத வராது, எனக்கு இந்திக் கையெழுத்து படிக்க வராது. அவர் சொல்லச் சொல்ல நான் போனில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். நாலு முறை சொல்லிக் காட்டச் சொன்னார். "சரி, ஜா. எனக்கு இன்னும் ஆறு ரவுண்டு பாக்கி" என்று எழுந்து போய்விட்டார். பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. நான் மறுபடியும் சன்னதிக்குப் போனேன். இந்த முறை கை தானாகக் கூப்பியது.

புதன்கிழமை காலை பதினொரு மணி. சௌக்கியில் மேடமும் தம்பிக்காரரும் எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்கள். மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். "சாப், முஜே பீச்சே ஸே டக்கர் லகீ. முஜே."

தம்பிக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "பாருங்க சாப்! ரெண்டு நாள்ல பேச்சு மாறிடுச்சு! எந்த வக்கீல் சொல்லிக் கொடுத்தான்?"

ஹெட் கான்ஸ்டபிளும் நம்பவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்னாய், கையெழுத்து இருக்கிறது, இன்றைக்கு இப்படிச் சொல்கிறாய் என்றார். எனக்கு இந்தி சரியாக வராது சாப் என்றேன். அன்று மட்டும் நன்றாக வந்ததே என்றார். மனப்பாடம் செய்தது ஒரே வாக்கியம். அது தீர்ந்துவிட்டது. உள்ளே முருகா முருகா என்பது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் அவருக்கு ரொட்டி வந்தது. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். இரக்கமோ என்னவோ, "நாஷ்தா கியா, கரு பையா?" என்றார். சாப்பிட்டாயா என்று.

"நஹீன் சாப்."

"பூக் லகீ ஹை?" பசிக்கிறதா?

"ஹாங் சாப்," என்றேன். "மைனே பஹுத் பூக் லகா."

கையில் எடுத்த ரொட்டி அவர் கையிலேயே நின்றது. "க்யா போலா?" என்ன சொன்னாய்?

பயந்துவிட்டேன். "மைனே பூக் லகா சாப். மைனே தண்ட் பீ லகா" என்றேன். எனக்குக் குளிருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேனாம்.

பக்கத்து நாற்காலிக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் வாசலில் நின்ற கான்ஸ்டபிள். ஹெட் கான்ஸ்டபிள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அரே, இவனுக்கு எல்லாமே மைனேதான்! நான் பசி, நான் குளிர்!" எனக்கு மானம் போனது. ஆனால் அடியார்களே, படித்து வைத்துப் பேசியதை நம்பாதவர்கள், பயத்தில் உளறியதை நம்பினார்கள். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருந்தால் அன்றே சிறைவாசல்தான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மேடம் பக்கம் திரும்பினார். "மேடம்ஜி, இப்ப நீங்க சொல்லுங்க. இவர் சொன்னதை விடுங்க. உங்களுக்கு என்ன தெரியும்?"

தம்பிக்காரர் வாயெடுத்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு இந்தியில் மெதுவாகப் பேசினார். புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

"சிக்னல்கிட்ட வந்துட்டிருந்தப்போ அம்மாவோட மப்ளர் நழுவிடுச்சு, அதைச் சரி பண்ணத் திரும்பினேன். கால் பிரேக்ல இருந்ததுன்னுதான் நினைச்சேன். இடிச்சதும் நான்தான்னு நினைச்சு, இறங்கி முதல்ல ஸாரி சொன்னேன். இவரு நெஞ்சைத் தட்டி, நான்தான் இடிச்சேன் நான்தான் இடிச்சேன்னு கத்தினாரு. ஒருவேளை இவர் வண்டிதான் உருண்டு வந்திருக்கும் போலன்னு நானும் நம்பிட்டேன்." நிறுத்தினார். "முழுசா நம்பலை. நம்பிக்கிட்டா சௌகரியமா இருந்தது. மாஃப் கர்னா, பையா."

தம்பிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்று நாளாக நான் பொய்க்காரி என்று திட்டிய மனுஷி. நான் கத்திய கத்தலுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டவர். அந்த மன்னிப்பை ஏற்றுக்கொள்ள விடாமல் என் கோபம்தான் தடுத்தது. நானும் கை கூப்பி மன்னிப்புக் கேட்டேன். பெரியம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாக விசாரித்தேன். உதட்டில் ஒரு தையல், டாக்டர் கவலை இல்லை என்றாராம்.

ஹெட் கான்ஸ்டபிள் பழைய காகிதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். வழக்கு இல்லை, இரு தரப்பும் சமாதானம் என்று புதிதாக எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. "சாப், தீரே தீரே படியே" என்றேன். மெதுவாக வாசியுங்கள் என்று. வாசித்தார். மறுபடியும் என்றேன். "அரே யார்", அட என்னப்பா, என்று அலுத்துக்கொண்டாலும், விரல் வைத்து வார்த்தை வார்த்தையாக வாசித்து அர்த்தமும் சொன்னார். அதன் பிறகுதான் போட்டேன். லைசென்ஸைக் கொடுத்துவிட்டு, ஒரு ரொட்டியையும் என் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலம் ராமலிங்கம் சார் ஊரிலிருந்து பேசினார். முழுக் கதையும் கேட்டுவிட்டு, "எலே, நான் வந்து இறங்குன புதுசுல ஆபீஸ்ல ஒருத்தன்கிட்ட இதே மாதிரி ஒளறி அடி வாங்கிருக்கேன்டா. எனக்கே தோணாமப் போச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. கார் இன்சூரன்ஸில் சரியாகிவிட்டது.

இப்போது அரிச்சுவடி வாங்கி இந்தி எழுத்து படிக்கிறேன். முனிர்காவில் புதிதாக வந்து இறங்குகிற நம் பிள்ளைகளுக்கு, எந்தக் கடையில் தோசை கிடைக்கும் என்பதற்கு முன்னால், 'முஜே' சொல்லிக் கொடுக்கிறேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். டெல்லி சாலையில் வண்டி ஓட்டுகிறவனால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் எதிரில் இருப்பவர் ஏதாவது சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால் என்ன சொன்னீர்கள் என்று ஒரு தடவை கேட்கிறேன்.

ஏப்ரலில் சரிபார்ப்பு முடிந்து ஆர்டர் வந்தது. என் மீது வழக்கு எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை அப்பாவுக்குப் போனில் நாலு தடவை வாசித்துக் காட்டினேன். அவர் வழக்கம்போல "சரி, சாப்புடு" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. ரொம்ப நேரம் வைக்கவில்லை.

அடியார்களே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும். யாரும் நம்பாத ஒரு நியாயம் இருக்கும். அவனிடம் போய்ச் சொல்லுங்கள். நல்ல வார்த்தை தேட வேண்டாம். திட்டினால்தான் தீரும் என்றால் திட்டுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் வாயைத் திறந்து, சத்தமாகச் சொல்லுங்கள். நம் நியாயத்தில் எந்த இடத்தில் பிழை இருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருக்கலாம். அதைத் திருத்துகிறவர்கள் உங்கள் பின்னாலேயே சுற்றி வந்துகொண்டிருக்கலாம். அன்று நான் மட்டும் மரியாதையாக, மனதுக்குள் வேண்டியிருந்தால், அந்த அக்காவுக்கு ஒன்றுமே கேட்டிருக்காது.